ஒலிப்பதிவில் இல்லாத சொல்

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, வெறும் மேசையின் நடுவே இருந்த ஒரு கறுப்பு ஒலிபெருக்கி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். சென்ற ஆண்டு கார்த்திகை மாதம், பாரிஸில், பொலிஸார் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஓர் அலுவலகம் அது. என் பக்கத்தில் நின்ற பெண் அந்த ஒலிபெருக்கியைப் பார்த்ததும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறார். புறநகரான செவ்ரானில் நாங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அந்தக் கோடையில் ஒரு மாலை, கடை வாசலில் குனிந்து நீளப் பை ஒன்றைத் திறந்த ஒருவனை அவர் பார்த்தார். பைக்குள் துப்பாக்கிக் குழல் தெரிந்தது. உடனே பொலிஸின் அவசர இலக்கத்தை அழைத்தார். ஒருவரும் வரவில்லை. அவன் தெருமுனைக்கு நடந்து போய், கோப்பிக் கடைக்கு வெளியே இருந்தவர்களைச் சுட்டான். பலர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தக் கடைக்கு நாளாந்தம் மரக்கறி இறக்க வருபவர், யாழ்ப்பாணத்துக்காரர்.

சுட்டவன் பிடிபட்டான். ஆனால் அழைப்பு வந்தும் ஏன் ரோந்து அனுப்பவில்லை என்று இறந்தவர்களின் வீட்டார் பொலிஸ் நிலைய வாசலில் நின்று கேட்டார்கள். அழைத்த பெண் ஆயுதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். சொன்னேன் என்று இவர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். இரண்டில் ஒன்று பொய்.

மரக்கறி இறக்கியவரின் மனைவி கிழமைக்கு ஒரு தடவையாவது கடைக்கு வருவார். ஒன்றும் வாங்க மாட்டார். "நீங்கள் உண்மையா சொன்னனீங்களோ, இல்லையோ?" என்று மட்டும் கேட்பார். கடை முதலாளியோ, "பிள்ளை, உன்ரை கார்ட் மாத்துற நேரம். பொலிசோடை என்ன வழக்கு? ஞாபகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வா" என்றார். வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. பொய் வாக்குமூலம் என்று முடிவானால் அட்டைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

விசாரணைக்குத் துணையாக ஒருவர் வரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு காலத்தில் ஊரில் பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்தி எழுதியவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

விசாரணை செய்தவர் ஒரு பெண் அதிகாரி. குரல் உயரவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் புதுச்சேரித் தமிழர், நன்றாக உடுத்திய பெரியவர். தொலைபேசி ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்த்ததும் அவரே. பெயர், முகவரி, வேலை எல்லாம் சரிதானா என்று அதிகாரி கேட்க, இவர் ஆம் என்பதை 'வி, வி' என்று பிரெஞ்சிலேயே சொல்லித் தலையாட்டினார். பதிவைப் பிறகு கேட்கலாம், முதலில் எழுத்தில் இருப்பதைப் பார்ப்போம் என்று சொல்லி அதிகாரி வாசிக்கத் தொடங்கினார்.

"அவரிடம் ஆயுதம் இருக்கிறதா என்று எங்கள் ஆள் கேட்கிறார். அதற்கு நீங்கள் 'ஆம்' என்று சொன்னதாக வாக்குமூலத்தில் இருக்கிறது. ஆனால் பதிவில் ஆம் என்ற சொல் எங்குமே இல்லை. 'ஆண், ஆண்' என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள்."

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். இவர் மறித்துக் கேட்டார்.

"நான் ஏன் அப்பிடிச் சொல்லப்போறன்? அந்தப் பொம்பிளை ஆர்ம், ஆர்ம் எண்டு கேட்டவ. ஆர்ம் எண்டால் ஆயுதம் எண்டு எனக்கு விளங்கினது. நான் சொன்னனான்."

"அம்மா, மேடம் கேக்கறது ஒண்ணுதான். பதட்டத்துல சொல்ல மறந்துட்டீங்களோ? மறந்திருந்தா மறந்துட்டேன்னு சொல்லலாம், தப்பில்ல."

அது ஒரு திறந்த கதவு. கடை முதலாளி சொல்லி அனுப்பியதும் அதையேதான். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பொய் வாக்குமூலம் தண்டனைக்குரியது என்று நினைவூட்டினார். பிறகு கடைசியாகக் கேட்டார்: அன்று உங்கள் வாயால் ஆம் என்று சொன்னீர்களா?

மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டு முடிக்கும் முன்பே இவர் கத்திவிட்டார்.

"ஓம்! ஓம்!"

அதிகாரி நிமிர்ந்தார். மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் பிரெஞ்சில் கேட்டார்: "எந்த ஆண்?"

 பிரெஞ்சில் ஆண் என்பதற்கு 'ஒம்' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம். இவர் கடையில் நாள் முழுவதும் வி, வி என்று பேசுகிறவர்தான். பயம் வந்ததும் வாயில் வந்தது ஊர்ச் சொல்.

மொழிபெயர்ப்பாளரின் கை மேசை விளிம்பில் அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அவர் 'ஆம் என்கிறார்' என்று மொழிபெயர்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். எழுத்தில் இருப்பது அப்படியே இருந்திருக்கும். வாய் திறக்கக் கூடாத நான் என் முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"பதிவைப் போடுங்கள், மேடம்" என்றார் அவர் பிரெஞ்சில். "தயவுசெய்து."

போட்டார்கள். முதலில் தெருச் சத்தம். பிறகு உடைந்த பிரெஞ்சில் கடையின் தெருப் பெயர். ஆயுதம் இருக்கிறதா என்ற கேள்வி. உடனே, மூச்சு வாங்க, "ஓம், ஓம்." அதற்கு மறுமுனையில் நிதானமான குரல்: "ஒரு ஆண், சரி. என்ன செய்கிறார்?" அதன் பிறகு இவர் கெதியா, கெதியா என்று, சீக்கிரம் வரச்சொல்லித் தமிழிலேயே கெஞ்சுவது கேட்டது. ரோந்து கிடைத்ததும் அனுப்புகிறோம் என்று அந்தக் குரல் சொன்னது. அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லின் பொருளை விளக்கிவிட்டு, "இதை எழுத்தில் பெயர்த்தவன் நான். பிழை என்னுடையது" என்றார்.

"யாருடைய பிழை என்பதை நாங்கள் தீர்மானிப்போம்" என்றார் அதிகாரி. ஆனால் பதிவை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு.

வெளியே நடையில் மொழிபெயர்ப்பாளர் இயந்திரத்தில் மூன்று கோப்பி எடுத்து வந்தார். "நாங்க ஆமான்னு சொல்லுவோம். நீங்களும் அப்படியே சொல்லியிருந்தா இந்தக் குழப்பமே இல்ல" என்று சிரிக்கப் பார்த்தார்.

"அப்ப துவக்கைக் கண்டு பயந்து கத்தேக்கையும் புதுச்சேரித் தமிழிலைதான் கத்தோணுமோ, ஐயா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "தப்பு என்னுதுதாம்மா. இருபது வருஷமா உங்க ஆளுங்க ஓம், ஓம்னு சொல்றதைக் கேட்டுட்டுதான் இருக்கேன். பதிவுல அந்தக் குரல் 'ஒரு ஆண்'னு திருப்பிச் சொல்லுதில்ல, அதோட என் காதும் போயிடுச்சு."

இவர் கோப்பியைக் குடிக்கவில்லை. கடதாசிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அது நசுங்கிக் கையெல்லாம் வழிந்தது. "அண்ணை, இனி கடைக்கு வந்து கேக்கிற அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரமே மரக்கறி இறக்கியவரின் மனைவியிடம் போய்ச் சொன்னார். அந்தப் பெண் முழுவதையும் கேட்டார். பிறகு, "நீங்கள் சொன்னனீங்கள். எனக்கு அது காணும், அது போதும்" என்றார். "அந்தப் பொலிசுக்குக் காணுமோ தெரியாது" என்றும் சொன்னார்.

விசாரணையின் முடிவு வசந்தத்தில் வந்தது. அழைத்தவர் ஆயுதத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார் என்றும், மொழி காரணமாக அது விளங்கிக்கொள்ளப்படவில்லை என்றும் சொன்னார்கள். விளங்காதபோது மொழி தெரிந்த ஒருவரை ஏன் இணைப்பில் எடுக்கவில்லை, கெஞ்சும் குரலைக் கேட்டும் ஏன் ஒரு வாகனம்கூடப் போகவில்லை என்று வீட்டார் கேட்டதற்கு, அது வேறு விசாரணை, இன்னும் நடக்கிறது என்பது பதில். இவரின் வதிவிட அட்டை புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

அந்தக் காலை எனக்குள் இன்னும் இருக்கிறது. தன் வேலைக்கே கேடு வரலாம் என்று தெரிந்தும் ஒரு மனிதர் எழுந்து நின்று பிழை என்னுடையது என்று சொன்னதை அருகிலிருந்து பார்த்தேன். ஓர் அலுவலகமும் அப்படி எழுந்து நிற்கக்கூடும் என்று அன்று நம்பினேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அதே கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். வெளியே இரண்டு பேருக்குள் சண்டை மூண்டது. ஒருவன் கத்தியை எடுத்தான். கடைக்குள் நின்ற எல்லோரின் கையிலும் தொலைபேசி இருந்தது. ஒருவரும் பொலிஸை அழைக்கவில்லை.