கடைசிக் குட்டையில் ஒரு குளியல்

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்ட வேலையை விட்டுவிட்டு, தோளில் ஒரு சாக்குப்பையோடு நடந்து வந்துகொண்டிருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி. தோட்டத்தில் சண்டை எதுவும் இல்லை. ஓர் இடத்தில் நாலைந்து மாதத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது, அவ்வளவுதான். ராசிங்காபுரம் பக்கம் தக்காளி பறிக்க ஆள் தேடுவதாகக் கேள்வி. போடியைத் தாண்டும்போது உச்சிவெயில்.

சாலையோரம் கம்பிவேலிக்குள் நாணல் அடர்ந்த பாத்திகள். கடைசியில் தெளிந்த ஒரு குட்டை. அட்டை கடித்த கால் அரித்தது. சட்டையெல்லாம் தோட்டத்து மருந்து வாடை. பலகை ஒன்று இருந்தது, நின்று படிக்கவில்லை. வேலிக்குள் குனிந்து நுழைந்து, அடிச்சேறு கலங்க முங்கிக் குளித்தேன்.

"யோவ்! ஏறுய்யா மேல!"

நகராட்சி மேல்சட்டை போட்ட ஓர் அக்கா ஓடி வந்தார். "அது ஊருச் சாக்கடைத் தண்ணிய்யா!"

அவசரமாகக் கரையேறினேன். நாற்றமே இல்லையே என்றேன்.

"நாணலு வேரு அழுக்கத் தின்னுருச்சு. கிருமி கெடக்குல்ல? அதக் கொல்லத்தான் அந்தக் கொட்டகை."

கொட்டகைக்குள், மூடிய கால்வாயில் விளக்குக் குழாய்கள். தண்ணீர் அவற்றை ஒட்டி ஓடும்போது புற ஊதா ஒளி பட்டுக் கிருமி செத்துவிடுமாம். அக்கா கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். நான் கலக்கிய சேறு உள்ளே புகைபோலச் சுற்றியது. உடனே போய் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகை அடைத்தார்.

கீழே வாய்க்காலில் மண்வெட்டியோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். சுத்தமான தண்ணீரை வயல்காரர்கள் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள்; அன்று சாயங்காலம் வரை அவர் முறை. விட்டால் இன்னும் ஒரு வாரம். அதற்குள் அவருடைய மாட்டுத் தீவனப்புல் கருகிவிடும்.

"புல்லுக்குத்தான ஆத்தா, தொறந்து விடு."

"சேத்து மறைவுல கிருமி ஒளிஞ்சுக்கிரும் அப்பு, வெளிச்சம் எட்டாது. அந்த வாய்க்கால்ல கால வைக்கிறது நீங்கதான?"

பெரியவர் என்னைப் பார்த்தார். "ஏன் மாப்ளே, அம்புட்டு மலையில ஒனக்கு ஒரு ஓடை கெடைக்கலையா?"

நழுவியிருக்கலாம். எனக்கு அது புதிதும் இல்லை. ஆனால் அந்த மண்வெட்டி சும்மா நிற்பதைப் பார்க்க முடியவில்லை. சேறு அடங்க மறுநாள் காலை ஆகும் என்றார் அக்கா. நாளை யார் முறை என்று கேட்டேன். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். நானே போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி, முறையை மாற்றித் தரக் கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாக்கடையில குளிச்சேன்னு வாயத் தொறந்து சொல்ற மொத ஆளு நீதாம்ப்பா. தென்னை ஒரு வாரம் தாங்கும். அடுத்த வாரம் அவரு முறைய நான் எடுத்துக்கிறேன். நீ மொதல்ல சோப்பு போட்டுக் குளி, போ."

சோப்பை அக்காதான் கொடுத்தார். "வயித்தால போனா வெரசா ஆசுபத்திரிக்குப் போயிரு" என்ற எச்சரிக்கையும். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை அக்கா மறுபடி பிடித்த பாட்டில் தண்ணீர் பளிங்காக இருந்தது. மதகு திறந்தது. விளக்குகளைத் தாண்டி வந்த தண்ணீர் புல்லுக்குள் பாய, பெரியவர் மண்வெட்டியோடு அதன் பின்னாலேயே போனார்.

"நாணல் அறுக்க ஆளு வேணும். கரையில நின்னு அறுப்பியா, இல்ல உள்ள எறங்கிருவியா?" என்றார் அக்கா. அரிவாளை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நாலைந்து ஊர்கள் பார்த்துவிட்டேன். எங்கே தண்ணீரில் இறங்கப் போனாலும், கீழே யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறேன்.