கல்லறைத் திருநாளுக்கு எந்த ஹோஸ்டிங் நல்லது?

“சார், உங்க சைட்ல ஒரே நேரத்துல எத்தனை பேர் இருப்பாங்க?”

அக்டோபர் மாதத்தில், நெட்டில் சைட்டுக்கு இடம் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் கம்பெனிப் பெண் ஒருவர் போனில் கேட்டார். போனை எடுத்தாலே எனக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். மனதில் இருந்த ஒரே கணக்கைச் சொல்லிவிட்டேன்.

“எழுநூத்தி நாப்பது பேரும்மா.”

“எல்லாருமே ஆக்டிவா சார்?”

“இல்லம்மா... படுத்துட்டிருக்காங்க.”

“நான் சீனியர்கிட்ட குடுக்கறேன் சார்” என்றார். ஒரு ஆளிடமே பேச முடியவில்லை, இதில் சீனியர் வேறா? போனை வைத்துவிட்டேன்.

அந்த எழுநூற்று நாற்பது பேர் யார் என்று புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்லறைகளில் பெயர் எழுதும் பெயின்டர் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மிச்ச எழுத்துப் பழக்கமெல்லாம் சிலுவைகளின் மேல்தான். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் கோலார் தங்கவயலை விட்டு வெளியூர் போனவர்கள் ஏராளம். அவர்களில் பாதிப் பேருக்குத் தாத்தா எங்கே புதைக்கப்பட்டார் என்று தெரியாது. என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் போனில் வழி சொன்னால் இடது பக்கம் வலது பக்கமாகிவிடும். வேர்வை வேறு.

அதனால் ஒரு பிளாக் ஆரம்பித்தேன். ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு போட்டோ. பெயர், எத்தனையாவது வரிசை, பக்கத்தில் என்ன மரம். யார் கேட்டாலும் லிங்க்கை அனுப்பிவிடுவேன். ஒரு வார்த்தை பேச வேண்டாம். இதைவிட நிம்மதி உண்டா?

வருஷம் முழுக்க அந்தப் பக்கம் ஈ காக்கா எட்டிப் பார்க்காது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று மட்டும் மொத்த ஜனமும் ஒன்றாக வரும். போன வருஷம் அப்படித்தான் வந்தது. பிளாக் படுத்துவிட்டது. வெறும் வெள்ளைத் திரை.

அன்றைக்குத்தான் பிலோமினா அக்கா விவகாரம் நடந்தது.

அக்கா ஓசூரில் இருக்கிறார். பல வருஷம் கழித்துத் தன் அப்பா அந்தோணிமுத்துவைப் பார்க்க வந்தார். பிளாக் திறக்கவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அந்தோணிமுத்துகள் மொத்தம் ஒன்பது பேர். அக்கா தேடிப் பிடித்து, ஒரு அந்தோணிமுத்துவுக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அரை மணி நேரம் அழுதிருக்கிறார். அப்போது அந்தக் கல்லறையின் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

“யாரும்மா நீ? எங்க தாத்தாவுக்கு நீ இன்னா வேணும்?”

“மக.”

அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்து தாத்தாவுக்கு ஒரே மகன்தான். பிறகு என்ன நடந்திருக்கும்? ஃபாதர் வந்து, கோயில் ரிஜிஸ்டரைப் புரட்டி, அந்தப் பெரியவரின் மானத்தைக் காப்பாற்றுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தார். “தம்பி, உன்னை நம்பி வந்தேன். எங்கப்பாவுக்கு ஒரு பூ கூட போடாம திரும்பிட்டேன். அடுத்த வருஷமும் உன் பக்கம் தெறக்கலைன்னு வச்சுக்க, நேரா உன் வூட்டுக்கு வந்து உக்காந்துக்குவேன். ராத்திரி வரைக்கும் பேசினே இருப்பேன்.”

மற்றவர்களுக்கு இது சாதாரணப் பேச்சு. எனக்கு இது கொலை மிரட்டல்.

போதாததற்கு இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதரே சொல்லிவிட்டார்: “கல்லறை தெரியாதவங்க நம்ம பெயின்டர் பிளாக்ல பாத்துக்குங்க.” நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஆக, ஹோஸ்டிங்கை மாற்றியே தீர வேண்டும். யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டுச் சவேரி பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறான். அதனால் எங்கள் தெருவைப் பொறுத்தவரை அவன் சாப்ட்வேர்.

“ஷேர்டு ஹோஸ்டிங்னா நம்ம லைன் வூடு மாதிரிண்ணா,” என்றான். “எட்டு வூட்டுக்கு ஒரே கொழா. ஒருத்தன் பெரிய டிரம் வச்சுட்டான்னா மத்தவன் காலி கொடத்தோட நிக்கணும்.”

“அப்ப தனியா எடுக்கறது?”

“அது துரை பங்களா. நமக்கெதுக்கு? கிளவுடு பாருங்க. வாடகைப் பந்தல் மாதிரி. கூட்டம் வந்தா இன்னும் ரெண்டு பந்தல் சேத்துப் போடுவான். போனா பிரிச்சுடுவான். எவ்ளோ நேரம் கூட்டம் நிக்குதோ அவ்ளோ வாடகை.”

“நம்ம ஜனம் கல்லறைக்கு வந்தா சீக்கிரமா கெளம்புதா?” என்றாள் என் மனைவி மேரி, அடுப்படியிலிருந்து. கிளவுடு அத்தோடு கலைந்தது.

ஒரு கம்பெனி ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரம் போட்டிருந்தது. எனக்கு ஆசை. சவேரி சிரித்தான். “அன்லிமிடெட் மீல்ஸ் சாப்பிட்டது இல்லியாண்ணா? மூணாவது தடவை சோறு கேட்டுப் பாருங்க. பரிமாறுற ஆளு கிச்சனுக்குள்ள போனா திரும்பியே வரமாட்டான்.”

கடைசியில் வழி சொன்னது மேரிதான்.

“ஏங்க, மைன்ஸ்ல அத்தினி பேரையும் ஒரே கேஜ் லிப்டுலயா எறக்கினாங்க? ஷிப்டு போட்டாங்க இல்ல? நீங்களும் போடுங்க.”

அடடா! சவேரி எழுந்தே நின்றுவிட்டான். “பெங்களூருல இத்தினி இன்ஜினியருங்க கீறாங்க, ஒருத்தனுக்கும் தோணலியேக்கா!”

இருக்கிற ஷேர்டு ஹோஸ்டிங்கையே வைத்துக்கொண்டேன். பிளாக்கைத் திறந்து பார்க்க, இறந்தவர் பெயரின் முதல் எழுத்துப்படி மூன்று ஷிப்ட். அ முதல் ஔ வரை, காலை ஆறு மணி. க முதல் ந வரை, எட்டு மணி. மீதி எல்லாம் பத்து மணி. கோயில் போர்டில் அழகாக எழுதி வைத்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போதுகூட ஒரு குறையும் தெரியவில்லை.

நவம்பர் இரண்டு. காலை ஆறு மணி. பிளாக் படுத்துவிட்டது.

ஏன்? கேளுங்கள். அந்தோணி, அருளப்பன், அற்புதம், அன்னம்மாள், அமலோற்பவம், ஆரோக்கியம், ஆசீர்வாதம், இன்னாசி, இருதயராஜ், எஸ்தர், எலிசபெத்து... ஊரில் பாதிப் பேர் உயிரெழுத்தில்தான் செத்திருக்கிறார்கள்! எழுநூறு பெயரை என் கையால் எழுதியவன் நான். எனக்கு இது தெரியாமல் போனது எப்படி?

அதற்கு மேல் ஒன்று. தங்கவயல்காரனுக்கு ஆறு மணி ஷிப்ட் என்றால் ஐந்தே முக்காலுக்கே கேட்டில் நிற்பான். ரத்தத்தில் ஊறினது. ஒருத்தர் பாக்கியில்லாமல் நேரத்துக்கு முன்னாலேயே வந்து, ஒன்றாக லிங்க்கை அமுக்கிவிட்டார்கள்.

போன் அடித்தது. பிலோமினா அக்கா.

“தம்பி, மறுபடி வெள்ளையா வருது. நான் கல்லறை கேட்லதான் நிக்கிறேன். நீ வர்றியா, நான் அங்க வரட்டா?”

வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் சட்டை போட்டதில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஜனம் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைந்தது. அக்கா ஒரு கையில் சாமந்தி மாலை, மறு கையில் மெழுகுவத்திப் பொட்டலத்தோடு நின்றார். நான் பேசவில்லை. முன்னால் நடந்தேன். ஆறாவது வரிசை, சாய்ந்த நீலகிரி மரத்துக்குப் பின்னால். கையைக் காட்டினேன்.

அக்கா மாலையை இறக்கவில்லை. பட்டவர் அல்லவா? குனிந்து பெயரைப் படித்தார். தகப்பன் பெயரைப் படித்தார். ஊர் பெயரைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம் மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்பா... போன வருஷம் அழுததெல்லாம் அட்ரஸ் மாறிப் போச்சுப்பா. மனசுல வச்சுக்காத.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதை மறைக்கத் திரும்பினேன். திரும்பினால் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

“அண்ணா, எங்க இன்னாசி சித்தப்பா?”

“பெயின்டரே, அற்புதம் டீச்சர் எந்தப் பக்கம்?”

வேறு வழி? சொன்னேன். முதலில் முணுமுணுத்தேன். பின்னால் இருந்தவர்கள் “கேக்கலண்ணா!” என்றார்கள். கத்தினேன். “ஆரோக்கியமேரி மூணாவது வரிசை! இருதயராஜ் சுவரோரம்! அந்தோணிமுத்து கேக்கறவங்க தகப்பன் பேரோட கேளுங்க!” மத்தியானம் வரை கத்தினேன். ஒரு கல்லறை தப்பவில்லை. இடதும் வலதும் மாறவே இல்லை.

ஃபாதர் என் தோளில் தட்டினார். “இவ்ளோ நல்லா சொல்றீங்களே! இனிமே பிளாக் எதுக்கு? வருஷா வருஷம் கேட்லயே ஒரு சேர் போட்டுடறோம்.” எல்லோரும் கை தட்டினார்கள். பிலோமினா அக்காதான் ரொம்ப நேரம் தட்டினார். நான் சிரித்து வைத்தேன்.

மறுநாள் காலை பல் விளக்குவதற்கு முன்னால், இருப்பதிலேயே பெரிய ஹோஸ்டிங் பிளானை வாங்கிவிட்டேன். துரை பங்களாவேதான். மேரிக்குப் புரியவில்லை.

“நேத்து அவ்ளோ அழகா பேசினீங்க, ஊரே மெச்சிச்சு. அப்புறம் எதுக்குங்க இது?”

தொண்டை கட்டியிருந்தது. பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினேன்:

“அதனாலதான்.”