நூறு கிராமுக்கு எவ்வளவு இரும்பு

கத்தியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தொடைக்கறியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை இழை ஒன்றைச் சீவி எடுக்கிறார். ஏற்கெனவே இரண்டு முறை சீவிய துண்டுதான் அது. பார்க்கிற நமக்கு அதில் ஒன்றும் மிச்சமிருப்பதாகத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஈமுக் கோழிக்குக் கொழுப்பெல்லாம் தோலுக்கு அடியில் மெத்தை விரித்தாற்போல் தனியாக இருக்கிறது. கறியோடு ஒட்டிவருவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் விட இவருக்கு மனம் வராது. காலடியில் இருக்கும் தகர டப்பாவில் அதைச் சுண்டிப் போட்ட பிறகுதான் கறி தராசில் ஏறும். கொழுப்போடு நிறுத்துக் கொடுப்பது இவரைப் பொறுத்தவரை திருட்டு.

“நூறு கிராமுக்கு இருபத்திரெண்டு கிராம் புரதம்,” என்று கத்தியை நிறுத்தாமலே சொல்கிறார். “கொழுப்பு நாலு கிராம்கூடக் கிடையாது. இரும்பு அஞ்சு மில்லிகிராம்.”

எதிரே நிற்பவர் கேட்டது மணி என்ன என்றுதான்.

சந்தைக்குள் இவருக்கு ‘நூறுகிராம்’ என்று பெயர். வைத்தவர் எதிர்வரிசை முட்டைக்கடைக்காரர். ஆள் எண்பது கிலோவுக்குக் குறையமாட்டார் என்பதால் பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. கடை, கூரை போட்ட சந்தையின் மூன்றாவது வரிசையில், மீன்கடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில். சிமெண்டு மேடை, வெள்ளை ஓடு பதித்த சுவர், ஒரு குழல்விளக்கு, ஒரு கரும்பலகை. பலகையில் விலை ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மற்ற இடமெல்லாம் புரதமும் இரும்பும்தான். கடைசி வரி மட்டும் சிவப்புச் சாக்பீஸ்: ‘மாத்திரைக்கு வேலையில்லை.’

புதிதாக வருகிறவர்கள் கறியைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போவார்கள். “பறவைன்னு சொன்னாங்க, இவ்வளவு செவப்பா இருக்கே?” இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல இவர் முகம் மலரும். “அந்தச் செவப்புதாங்க இரும்பு. வெளுப்பா வேணும்னா கோழிக்கடைக்குப் போங்க.” சமைக்கும் விதமும் சொல்லிக் கொடுப்பார். “நாலு நிமிஷம், இறக்கிடுங்க. அஞ்சாவது நிமிஷம் ஆச்சு, செருப்பு.” என் ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருப்பதாக மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நான் இங்கே வாடிக்கை. முதல் தடவை ஐந்தாவது நிமிஷத்தையும் ஆறாவது நிமிஷத்தையும் பார்த்தவள் என்பதால் அவர் சொன்னது உண்மை என்று சாட்சி சொல்வேன்.

பக்கத்து மீன்காரம்மா இவரைச் சும்மா விடமாட்டார். “கறில கொழுப்பு இல்லன்னு சொல்றீங்களே அண்ணே, அது எல்லாம் எங்க போச்சு? பேசுற வாய்க்கா?” இவர் சிரிக்கமாட்டார். கொழுப்பு என்பது இவருக்கு விளையாட்டுச் சொல் இல்லை. கறிக்கடைக்கு வருமுன் பதினெட்டு வருஷம் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடையில் வேலை. எத்தனை டிரைவர்கள் எத்தனை கதை சொன்னாலும் மேடை காட்டுகிற எண்தான் எண் என்று பழகிய மனுஷர். தராசில் தெரியாத எதுவும் உலகத்தில் இல்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறார்.

மேடைக்குப் பின்னால் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கறியைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பவர் இவருடைய மனைவி. அவர் நகங்களைப் பார்த்தால் மெழுகு நிறம். குழாய்வரை பத்தடி நடந்துவிட்டுச் சுவரைப் பிடித்து நிற்பார். கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் போகிற ரத்தத்துக்குக் கணக்கே இல்லை. எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. ஆனால் அறுவைக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்தாவது இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு இருந்தது ஏழு புள்ளி ஆறு. இரண்டு முறை தேதி கொடுத்து இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் ஏறாவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்துவிடுவோம், அங்கே வரிசையில் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார் அறுவை மருத்துவர். அதுவரை இந்தப் பெண் தாங்குவாரா என்பதை அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

சாப்பிடச் சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். முதல் அட்டையை நூறுகிராம் என் கண்ணெதிரில்தான் பிடுங்கிப் பார்த்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் உருட்டினார்.

“சுண்டைக்கா அளவு இருக்கு. இதுல என்ன இருந்துடப் போகுது? இரும்பு நம்ம கடையில தொங்குது, நீ இதை முழுங்கிட்டு இருக்கியா?”

அட்டை கொழுப்பு டப்பாவுக்குள் போயிற்று. அன்றிலிருந்து தினமும் மதியம் இருநூறு கிராம், பச்சையாக நிறுத்து, இவரே நாலு நிமிஷம் சமைத்து, அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து மனைவி எதிரில் வைப்பார். அந்த அம்மாவுக்கு வாசனையே ஆகாது. ஒவ்வொரு துண்டாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். கடைசித் துண்டு இறங்கும்வரை இவர் கத்தியைத் தொடமாட்டார். இதை அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் அந்த அட்டை டப்பாவுக்குள் விழுந்த சத்தம் என் காதில் இருந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் கறியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேனே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கவனித்தேன். மதியம் இவர் ஐஸ் எடுக்கச் சந்தையின் பின்பக்கம் போவார். போன மறு நிமிடம் மனைவி பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுப்பார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. கூட்டுக்குள்ளிருந்து மாத்திரையைப் பிதுக்கி விழுங்கும்போது நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“அக்கா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க,” என்றார், விழுங்கிய தண்ணீர் இன்னும் தொண்டையில் இருக்க. “மனசு ஒடிஞ்சு போயிடுவாரு. கறியையும்தான் சாப்பிடுறேன். இதுவும் ஒரு பக்கம் போகட்டும்.”

மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் வாங்கி வருவது மீன்காரம்மா. செதிள் வாசனையோடு அட்டை கைமாறும். ஆக அந்தக் கடையில் இவருக்குத் தெரியாத ரகசியம், இவரைச் சுற்றி மூன்று பெண்களிடம் பத்திரமாக இருந்தது. எனக்கு அதில் பெருமை இல்லை, பயம்தான். எண் ஏறாவிட்டால் அந்த அம்மாவின் உயிருக்கு ஆபத்து. ஏறிவிட்டாலோ, இவர் அதைப் பலகையில் எழுதிவிடுவார்.

எழுதப்போவதாக அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ‘ஏழு புள்ளி ஆறு’ என்று ஏற்கெனவே ஒரு மூலையில் எழுதி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு, அடுத்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்துவிட்டு இருவரும் கடைக்கு வந்தார்கள். பதினோரு மணிக்குள் நர்ஸ் போன் செய்வதாக ஏற்பாடு. மேடையில் ஈரமில்லாத இடம் தராசின் தட்டு மட்டும்தான். போனை அதன்மேல் வைத்தார். தராசு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிராம் என்று காட்டியது. ஆள் வந்தால் போனை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கறியை நிறுப்பார், மறுபடி வைப்பார், மறுபடி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. பத்தரை மணிக்கு ஒருவர் அரைக்கிலோ கேட்டார். இவர் முக்கால் கிலோ வெட்டினார். பேச்சே இல்லை. யாரோ ஒரு பெரியவர், “இதுல சத்து இருக்காமே?” என்று தூண்டில் போட்டுப் பார்த்தும், “இருக்குங்க,” என்பதோடு முடித்துக்கொண்டார். மீன்காரம்மா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நூறுகிராம் எண் சொல்லாமல் ஒருவரை அனுப்பியது சந்தை சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

பதினொன்றுக்குச் சற்று முன்னால் ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண் வந்து நின்றாள். தையல்கடையில் வேலை செய்கிறவள், பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டு மூன்று வாரமாகக் கறி வாங்குகிறவள். மாத்திரை போட்டால் அவளுக்குக் குமட்டுகிறது.

“அண்ணா, இன்னைக்குத்தானே அண்ணிக்கு ரிசல்ட்டு?” என்றாள். “அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்.”

“வரும்மா. நில்லு,” என்றார் இவர்.

என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. கண்ணாடிக் கூடு இருந்த பையை மனைவி மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார்.

தராசு நடுங்கியது. எண்கள் மேலும் கீழும் ஓடின. கையெல்லாம் ரத்தம் என்பதால் இவர் போனைச் சுண்டுவிரலின் பின்பக்கத்தால் அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார்.

“பத்து புள்ளி ரெண்டு,” என்றது நர்ஸின் குரல். “வெள்ளிக்கிழமை காலைல வெறும் வயித்தோட வந்துடுங்க. இந்தத் தடவை தேதி மாறாது.”

“என்னம்மா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.”

“பத்து. புள்ளி. ரெண்டு.”

எண்பது கிலோ ஆள் அப்படியே மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. முட்டைக்கடைக்காரர் அங்கிருந்தே கைதட்டினார். மனைவியின் கண்ணில் நீர் கோத்து நின்றதே தவிர விழவில்லை. அவர் கணவரைப் பார்க்கவில்லை, அந்தத் தையல்காரப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் நிமிர்ந்தார். சாக்பீஸை எடுத்தார். அம்புக்குறிக்குப் பக்கத்தில், காலி இடத்தில், பத்து புள்ளி இரண்டு என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

“அப்போ நானும் மாத்திரையை நிறுத்திடலாம்ல அண்ணா?” என்றாள் அந்தப் பெண்.

இவர் வாயைத் திறந்தார்.

“ஏங்க.” நாற்காலியிலிருந்து மனைவி எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. “அந்தப் பொண்ணுகிட்ட அதை மட்டும் சொல்லிடாதீங்க.”

கண்ணாடிக் கூட்டைத் திறந்து மேடைமேல் கவிழ்த்தார். மடித்து மடித்து வைத்திருந்த ஆறு காலி அட்டைகள். ஏழாவதில் பாதி மிச்சம்.

“தெனம் ஒண்ணு. நீங்க ஐஸ் எடுக்கப் போறப்ப. கறியும் ஒரு துண்டு விடாம சாப்பிட்டேன், இதையும் போட்டேன். ரெண்டு மாசமா.”

மீன்காரம்மா திடீரென்று மீன்களை எண்ணத் தொடங்கினார். குழாயில் யாரோ குடம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்தி இன்னும் வலக்கையில்தான் இருந்தது, அது கையில் இருப்பதே அவருக்கு நினைவில்லை என்று நினைக்கிறேன். இந்த மனுஷர் கத்தப்போகிறார், இல்லையென்றால் பலகையைப் பிடுங்கி எறியப்போகிறார் என்று நான் ஓர் அடி முன்னால் வந்துவிட்டேன்.

“இவ்வளவு கொழுப்பா உனக்கு?” என்றார். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

“நூறு கிராமுக்கு எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க,” என்றார் மனைவி.

இவர் கத்தியைக் கீழே வைத்தார். ஏழாவது அட்டையை எடுத்துக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை உதடசையப் படித்தார். “அறுபது மில்லிகிராம்.” பிறகு தன் பலகையைப் பார்த்தார். அதில் ஐந்து என்று இருந்தது. பதினெட்டு வருஷம் எடை பார்த்த ஆளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. இந்தச் சுண்டைக்காய்க்கு ஈடாக ஒரு கிலோ இருநூறு கிராம் கறி, தினமும். கறியைப் பற்றி இத்தனை நாள் அவர் சொன்ன ஒரு எண்கூடப் பொய் இல்லை. இந்த இன்னொரு எண்ணை மட்டும் அவர் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

உள்ளங்கையால் பலகையின் கடைசி வரியை அழித்தார். சிவப்பு, கையிலிருந்த ரத்தத்தோடு கலந்து இழுபட்டது.

“மாத்திரையை நிறுத்தாதம்மா,” என்றார் தையல்காரப் பெண்ணிடம், அவள் முகத்தைப் பார்க்காமல். “குமட்டுதுன்னா டாக்டர்கிட்டயே சொல்லு, வேற மாத்தித் தருவாங்க. கறி… கறியும் சாப்பிடு. நல்ல கறிதான்.”

அவள் போன பிறகு ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார். போனை அப்புறப்படுத்திவிட்டு அதைத் தராசின் நடுவில் வைத்தார். தராசு பூஜ்யம் காட்டியது. விரலால் தட்டைத் தட்டிப் பார்த்தார். பூஜ்யம்தான்.

பிறகு குழாய்க்குப் போய், வழிந்துகொண்டிருந்த குடத்தை நகர்த்திவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். அடுக்குப் பாத்திரத்தின் மூடியில் தண்ணீர் பிடித்து வந்தார். தராசின்மேல் இருந்த மாத்திரையை இரண்டு விரலால் எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்து, அவர் அதை விழுங்கி முடிக்கும்வரை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.