அரைக் கூடு

சங்ககிரி அருகே எங்கள் தோட்டத்தில் தேங்காய் போட வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி. சட்டை மட்டும் இஸ்திரி போட்டது. அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு மரத்தையும் தொட்டு, "வாரேன் சாமி" என்று சொல்லித்தான் ஏறினார்.

கிணற்றோரத் தென்னையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. ஒன்று தொப்பி மாதிரி பாதியிலேயே நின்றிருந்தது. வெறும் கூடுதானே என்று அந்த மட்டையை வெட்டிவிடச் சொன்னேன்.

"வேண்டாமுங்க," என்றார் மேலிருந்து. "ஆண்குருவி பாதி கட்டிப்போட்டுக் காத்திருக்குதுங்க. பொட்டக்குருவி ஊடு பாக்க வந்து, அதுக்குப் புடிச்சாத்தான் ஆணு மீதியக் கட்டும்."

"புடிக்காட்டி?"

"அடுத்தது வந்து பாக்குமுங்க."

இறங்கியதும் மோர் கொடுத்து, வீட்டில் யார் யார் என்று கேட்டேன்.

"நானும் அம்மாளுந்தானுங்க. தளம் போட்டு டைல்ஸும் ஒட்டியாச்சு. பொண்ணூட்டுக்காரங்க வந்து பாத்துட்டுத்தானுங்க போறாங்க," என்று சிரித்தார். பிறகு சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டார்.

பத்தே நாளில் அந்த அரைக் கூடு முழுதாகி, குழாய் மாதிரி நீளமாக வாசலும் இறங்கிவிட்டது. அவர் வந்ததும் காட்ட வேண்டும் என்றிருந்தேன். அடுத்த முறை வேறு ஆள் வந்தார்.

"அவருக்குக் கல்யாணமா?" என்று கேட்க வாயெடுத்தேன். இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்று, கேட்காமலே விட்டுவிட்டேன்.