கொங்கு நாட்டு ரெஸ்லிங்குக்கு ஒரு வில்லன்

நம்ம ஊரில் ரெஸ்லிங் நடத்தினால் ஓடுமா என்று யாராவது கேட்டால், ஓடும் என்றுதான் சொல்வேன். ஒரு தடவை ஓடியிருக்கிறது. எப்படி ஓடியது என்பதைத்தான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அப்போது நான் துடியலூரில் குடியிருந்தேன். பகலில் ஒரு பம்புசெட் கம்பெனியில் மெஷின் வேலை. சாயங்காலம் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ஜிம். அங்கே என்னைப்போல நாலைந்து பேர் இருந்தோம். எல்லோரும் டிவியில் அமெரிக்கக்காரர்கள் சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். யார் ஜெயிப்பது என்று முன்னாடியே பேசி வைத்துத்தான் ஆடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் விழுவது நிஜம். தலைக்கு மேலே தூக்கிப் போடும்போது முதுகு மொத்தமும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் கழுத்து போய்விடும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஜிம் மெத்தைமேல் விழுந்து விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், "அண்ணா, நானும் வரட்டுங்களா?" என்று கேட்டான். பீகார்க்காரன். எங்கள் கம்பெனிக்கு வார்ப்பு கொடுக்கும் பவுண்டரியில் இரும்புக் குழம்பு ஊற்றுகிறவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன்தான். ஆனாலும் எல்லோரையும் 'அண்ணா' என்பான். இந்த ஊருக்கு வந்து அவன் முதலில் கற்றுக்கொண்ட சொல் அது. சொந்த ஊரில் ஏழு வயதிலிருந்து மண்ணில் குஸ்தி பிடித்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. எங்களில் நூறு கிலோவைத் தாண்டிய ஒருவனைத் தூக்கி, முட்டைத் தட்டை இறக்கி வைப்பதுபோல மெத்தையில் வைத்தான். அன்றைக்குத்தான் எங்களுக்கு ரெஸ்லிங் வந்தது என்று சொல்ல வேண்டும். விழுவது எப்படி, எதிராளியை அடிபடாமல் விழவைப்பது எப்படி, இரண்டும் அவனிடம் பார்த்துப் படித்ததுதான்.

அந்த ஜிம்முக்குத் தொப்பையைக் குறைக்க ஒருவர் வருவார். அன்னூர் பக்கம் காட்டை வாங்கி வீட்டுமனை சைட் பிரித்து விற்கிறவர். எங்கள் பயிற்சியைப் பார்த்துவிட்டு அவருக்கு ஆசை வந்துவிட்டது. "அமெரிக்காவுக்கு ரெஸ்லிங் இருக்குது, ஜப்பானுக்கு இருக்குது, மெக்சிகோவுக்கு இருக்குது. நம்ம கொங்கு நாட்டுக்கு மட்டும் ஏன் தம்பி இருக்கக் கூடாது?" என்றார். ரிங் செய்யும் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். ஆங்கிள் இரும்புச் சட்டம், பலகைக்கு அடியில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகள், மேலே ஃபோம், அதற்கு மேல் தார்ப்பாய். கயிற்றுக்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய்க்குள் ஸ்டீல் கம்பி நுழைத்துக் கட்டினோம். முதல் முறை அதன்மேல் விழுந்தபோது பலகை இடி மாதிரி சத்தம் போட்டது. எல்லோரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக அப்புறம் சிரித்த ஞாபகம் இல்லை.

முதல் ஷோ ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கடைசிப் போட்டி எனக்கும் அவனுக்கும். இருபது நிமிடம் ஆடினோம். என் வாழ்க்கையில் நான் ஆடிய நல்ல ஆட்டம் அதுதான். ஜனங்கள் அமைதியாகப் பார்த்தார்கள். ரொம்ப அமைதியாக. நடுவில் முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "ஏனுங்க, இதுல யாருங்க நல்லவன்?" என்று கேட்டது எனக்கே கேட்டது. சைட்காரருக்கும் கேட்டிருக்கிறது.

அடுத்த வாரம் எங்களைத் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "அந்தம்மா கேட்டது சரிதான். நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு தெரியாம எவன் கத்துவான்? வில்லன் வேணும்" என்றார். பிறகு பீகார்க்காரனைப் பார்த்தார். "இவன் ஒண்ணும் பண்ண வேண்டாம். வடக்கன்னு சொல்லி நிறுத்துனாப் போதும். மிச்சத்தை ஜனம் பாத்துக்கும்."

அவன்தான் முதலில் பேசினான். "வேஷந்தானுங்களே. எங்க ஊர்த் திருவிழா நாடகத்துல எங்க சித்தப்பாதான் அரக்கன். நாடகம் முடிஞ்சதும் எல்லாரும் அவரோட உக்காந்து டீ குடிப்பாங்க."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நான் வில்லனா ஆடறனுங்க' என்று சொல்லியிருக்கலாம். என் முகத்துக்கு அது பொருந்தவும் செய்யும். சொல்லவில்லை. ஏனென்றால் அவனை அடித்து ஜெயிக்கிற நாயகன் நான்தான் என்று சைட்காரர் அதற்குள் முடிவு செய்திருந்தார். என் பட்டப்பெயரில் ஒரு சிங்கம் இருந்தது. அவனுக்கு வைத்த பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். அது பெயரே அல்ல, வசவு.

ஒத்திகையில் ஒரு சிக்கல். எதிராளியைச் சண்டைக்கு இழுக்க வேண்டிய இடத்தில் அவன் மைக்கைப் பிடித்து, "வாங்க! வந்து அடிங்க பாக்கலாம்!" என்று உறுமினான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"வில்லன் மரியாதை குடுப்பானா? 'வாடா'ன்னு கூப்புடு" என்றார் சைட்காரர்.

"எனக்கு இந்தத் தமிழ்தானுங்க தெரியும்" என்றான். எவ்வளவு முயன்றும் 'டா' அவன் வாயில் வரவில்லை. கடைசியில் தமிழே வேண்டாம், இந்தியிலேயே கத்தட்டும் என்று முடிவாயிற்று.

இரண்டாவது ஷோ உக்கடம் பக்கத்தில் ஒரு மைதானத்தில். இந்த முறை கூட்டம் நின்றது. அவன் ரிங்கில் ஏறியதும் மைக்கைப் பிடித்து, விரலை நீட்டி, நரம்பு புடைக்க இந்தியில் முழங்கினான். அந்த வேகத்தில் யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. ஆனால் எழுந்து நின்று கத்தினார்கள். தண்ணீர் பாட்டில் பறந்தது. நான் உள்ளே வந்தபோது எழுந்த விசிலில் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவனைத் தூக்கிப் போட்டேன். உண்மையில் அவன்தான் எம்பி, என் தோளில் ஏறி, தன்னைத்தானே போட்டுக்கொண்டான். யாருக்குத் தெரியும்?

மறைப்புக்குப் பின்னால் வந்ததும் கேட்டேன், "அப்படி என்னதான் திட்டினே?"

வெட்கப்பட்டான். "திட்ட வாய் வர்லீங்கண்ணா. எங்க ஊருக்குப் போற ரயில் எங்கெங்க நிக்கும்னு சொன்னேன். நாக்பூர், இட்டார்சி, ஜபல்பூர்…"

சிரித்தேன். உள்ளே எங்கேயோ குத்தியது. இருந்தாலும் சிரித்தேன்.

மூன்றாவது ஷோ அன்னூரில். அது பண்ணையம் பார்க்கும் விவசாயிகள் ஊர். அதனால் சைட்காரர் ஒரு காட்சி சேர்த்தார். பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து வில்லனைத் தட்டிக் கேட்க வேண்டும். வில்லன் அவரைத் தள்ளிவிட வேண்டும். அப்போது நான் பாய வேண்டும். பெரியவர் வேறு யாருமில்லை, அவருடைய சைட் வாட்ச்மேன்தான்.

"வயசானவரைத் தள்ள மாட்டேனுங்க" என்றான் அவன். முதல் தடவையாக மறுத்தான்.

"தள்ளற மாதிரி காட்டுனாப் போதும். அவரே உக்காந்துக்குவாரு" என்று சைட்காரர் சமாதானம் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். நானும் தலையாட்டினேன்.

அவன் கை அந்தப் பெரியவர் மேல் பட்டதுகூட இல்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் யாரோ பக்கவாட்டிலிருந்து செல்போனில் எடுத்திருக்கிறார்கள். ரிங் தெரியாது, கயிறு தெரியாது. ஒரு பெரியவர் விழுகிறார், மேலே இவன் நிற்கிறான். மறுநாள் அது வாட்ஸ்அப்பில் வந்தது. அன்னூரில் விவசாயியைத் தாக்கிய வடமாநிலத் தொழிலாளி என்று மேலே எழுதியிருந்தது. எனக்கு அது வந்தது எங்கள் குடும்ப குரூப்பில். அனுப்பியவர் என் சொந்தத் தாய்மாமன்.

அன்றைக்கே அவன் போன் செய்தான். "அண்ணா, நீங்களும் நானும் சேந்து நின்னு ஒரு வீடியோ போடலாங்களா? வேஷம்னு சொல்லிப்போடலாம். ரூம்ல எல்லாரும் பயப்படறாங்க."

சரி என்றேன். ஆனால் சைட்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று போனேன். அதுதான் நான் செய்த தப்பு. "நம்ம ரகசியத்தை நாமளே ஒடச்சுப்போட்டா அடுத்த ஷோவுக்கு எவன் வருவான் கண்ணு? ரெண்டு நாள் பொறு. தானா அடங்கிரும்" என்றார். நான் அவனுக்கு போன் செய்து, ரெண்டு நாள் பொறு என்றேன்.

"சரீங்ணா" என்றான்.

இரண்டாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து, பவுண்டரிக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் டீ குடிக்க நின்றிருக்கிறான். நாலு பேர் வந்து போனை எடுத்து, அதில் இருக்கிற முகத்தையும் இவன் முகத்தையும் ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். டீ மாஸ்டர் பிற்பாடு எனக்குச் சொன்னார்: "வேஷமுங்க, வேஷமுங்கன்னு கையைக் கூப்பிக்கிட்டே நின்னானுங்க. ஒரு அடி திருப்பி அடிக்கலீங்க." அந்த நாலு பேரையும் ஒரு நிமிடத்தில் அவன் புரட்டியிருப்பான். அவர்கள் தள்ளியதில் சாக்கடை மூடிய கல்லின் விளிம்பில் விழுந்தான். விழத் தெரிந்தவன்தான். ஆனால் அடியில் பலகை இல்லை, லாரிப் பட்டை இல்லை. வலது தோள் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் கையைத் தொங்கக் கட்டி உட்கார்ந்திருந்தான். "ஏன் திருப்பி அடிக்கலே?" என்று கேட்டேன்.

"அடிச்சா அதையும் வீடியோ எடுப்பாங்கண்ணா."

போலீசுக்குப் போக அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனோடு ஒரே ரூமில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் அதற்குள் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள்.

சைட்காரரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். எத்தனை மாசத்தில் சரியாகும் என்று டாக்டரிடம் விசாரித்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "இந்தக் கட்டோட ஒரே ஒரு தடவை ரிங்ல நிறுத்தி, நீ அவனை மன்னிச்சு உடற மாதிரி வெச்சா எப்படி இருக்கும்? ஜனம் அழுதுபோடும்" என்றார்.

அந்த இடத்தில் அவர் சட்டையைப் பிடித்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். "பாக்கலாங்கண்ணா" என்றுதான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து மத்தியான ரயிலில் அவன் கிளம்பினான். அவனுடைய சித்தப்பா மகன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் பிளாட்பாரத்தில் நின்று, "இன்னிக்கே அந்த வீடியோவைப் போட்டுடறேன்" என்றேன்.

"போறப்ப எதுக்குங்கண்ணா, விடுங்க" என்றான். பிறகு, "முழங்காலைப் பாத்துக்குங்க. இடது பக்கம் விழறப்ப நீங்க காலை மடக்கறீங்க" என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடியோவைப் போட்டேன், மூன்று வாரம் கழித்து. தனியாக நின்று, அது வேஷம், அவன் என் நண்பன் என்று பேசினேன். பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் மாமா பார்த்தாரா என்று தெரியாது.

நாலாவது ஷோவில் எங்களில் ஒருவனுக்கே கறுப்புச் சட்டை மாட்டி வில்லனாக்கினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "எங்கடா அந்த வடக்கன்?" என்று பின்வரிசையில் ஆரம்பித்தார்கள். பிறகு மொத்தக் கூட்டமும் அதையே கைதட்டிக் கத்தியது. நான் ஜெயித்ததை யாரும் பார்க்கவில்லை. அதோடு முடிந்தது. சைட்காரர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவன் இப்போது சூரத்தில் ஒரு துணிக் கிடங்கில் வாட்ச்மேனாக இருக்கிறான் என்று அவன் ஊர்க்காரன் ஒருவன் சொன்னான். வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லையாம். நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் கூப்பிட்டதில்லை.

நான் அதே ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் அவ்வப்போது வந்து, நம்ம ஊருக்கென்று ஒரு ரெஸ்லிங் ஆரம்பித்தால் என்ன என்று கேட்கிறார்கள். உடம்பு இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, பார்க்க ஜனமும் வரும். வெறுக்க ஓர் ஆளைக் காட்டினால் கண்டிப்பாக வரும். இதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஏனென்றால் அடுத்தாற்போல் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அன்னூரில் அவன்மேல் காலை வைத்துக்கொண்டு நின்று கையைத் தூக்கினேனே, அப்போது அந்த மைதானம் போட்ட சத்தம், அதைப்போல இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்று எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.