அண்ணைக்குச் சூட்டிய முடி

எழுபதுகளில் மெல்பேர்னில் ஒரு பழைய மரவீட்டில் மூன்று தமிழ் மாணவர்கள் இருந்தோம். நானும் எனக்கு மூத்த அண்ணையும் யாழ்ப்பாணம், மற்றவன் சென்னை. குசினியில் சமையல் முறைவைத்து நடந்தது. ஒரு வியாழக்கிழமை சென்னைக்காரன் வெல்லம் போட்டு வைத்த சாம்பாரை வாயில் வைத்த அண்ணை, "இது குசினியோ, சீனி ஆலையோ?" என்றார். அவன் பெட்டியை இழுத்து எடுத்தான்.

"சனிக்கிழமை கிளம்பறேன். வேற ரூம் பாத்தாச்சு."

அவனைப் போகவிட எனக்கு மனமில்லை. இறங்கும் இடத்தை மறந்து ட்ராமில் அரசியல் பேச எனக்கு அவன் ஒருவன்தான்.

அந்த வாரம் அரசியல் வகுப்பில் நெதர்லாந்து பற்றிய பாடம். அங்கே ராணி இருக்கிறார்; நாட்டை நடத்துவதோ மந்திரிகள். தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பதில்லை. ஆகவே ராணி முதலில் ஒருவரை நியமிப்பார்: யார் யாரோடு சேரச் சம்மதம் என்று ஒவ்வொரு கட்சியையும் தனியே கேட்டறிவது அவர் வேலை. மாதக்கணக்கில் இழுத்தாலும் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் மந்திரிசபை. சட்டத்தில் ராணியோடு மந்திரியும் கையெழுத்திடுவார். பிழை நேர்ந்தால் பதில் சொல்வது மந்திரி. ராணி தன் அபிப்பிராயத்தை வெளியே விடுவதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தேன். தேநீர் ஆறும் முன்னே சண்டை. அப்போதுதான் உறைத்தது: தனித்தனியாக அல்லவா கேட்டிருக்க வேண்டும்!

அறைக்குப் போனேன். சென்னைக்காரன் சட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"உங்க ஊர் உறைப்புகூடப் பழகிட்டேன்டா. ஒவ்வொரு வேளையும் மார்க் போடறாரே, அதான் தாங்கல."

பின்வளவில் அண்ணை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இனி நீங்கள்தான் வீட்டுக்கு ராசா. சமைக்கிறவர் மந்திரி. முதல் கரண்டி உங்களுக்கு. ஆனா கறியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது."

"உனக்கென்ன விசரோ? பிறகென்னத்துக்கு ராசா?"

"நெதர்லாந்து ராணியே அப்படித்தான் இருக்கிறா."

"அவ சாம்பார் சாப்பிடேல்லையே!" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். "அவன் போறதை நானும் விரும்பேல்லை. சரி, பாப்பம்."

சனிக்கிழமை மத்தியானம் பெட்டி வாசலில் நின்றது. கடைசிச் சமையல் என்று சென்னைக்காரன் சாம்பார் வைத்திருந்தான். அண்ணை ஒரு வாய் எடுத்தார். முகம் கோணியது. என்னைப் பார்த்தார், விழுங்கினார்.

"சோறு இன்னும் கொஞ்சம் போடு."

"என்ன அண்ணே, இன்னிக்கு மார்க் இல்லையா?"

"ராசா ஒண்டும் கதைக்கேலாது. இனிப்புக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது சமைக்கிற மந்திரி."

"அப்ப நான் மந்திரியா?"

"போகாமல் இருந்தால்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியை அறைக்குள் தள்ளிவிட்டு, அப்பளம் பொரிக்க அடுப்பை மூட்டினான்.