உத்தமன் பேரில் கூடாது

துலுக்கானத்தின் இடது கையில் ஆட்காட்டி விரல் பாதிதான் இருக்கும். மீதியை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உத்தமன் கம்பெனி மெஷின் தின்றுவிட்டது. சைக்கிள் சக்கரத்தின் நடுவில் இருக்குமே ஹப், அதில் ஆரக்கம்பி மாட்டுவதற்கு வட்டமாக ஓட்டைகள் போடுகிற கம்பெனி அது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஹப்பைக் கையாலேயே திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒருநாள் திருப்பும்போது கண் அசந்தது, விரல் போனது. நான் அங்கே டைப்பிஸ்ட். பெயர் ராஜசேகரன், ஊர் பட்டாபிராம். துலுக்கானத்துக்கு முத்தாபுதுப்பேட்டை. அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அந்த வீட்டிலிருந்து கம்பெனிக்குள் கால் வைத்த முதல் ஆள் இவன்தான்.

கட்டுப் பிரித்த அன்றே காயலான் கடையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் ஃப்ரீவீலை, அதுதான் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை, தூக்கிக்கொண்டு வந்தான். ஆறு மாதம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் உட்கார்ந்து அதை மெஷினில் பொருத்தினான். காலால் மிதித்தால் ஃப்ரீவீல் ஒரு பல் நகரும், ஹப்பும் கூடவே திரும்பி இறுகி நிற்கும். கை பக்கத்திலேயே போக வேண்டியதில்லை. வரைபடம் எதுவும் கிடையாது. எல்லாம் தரையில் சாக்பீஸால் போட்ட வட்டங்கள். அவற்றை மறுநாளே பெருக்கித் தள்ளிவிட்டார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷ ஆயுத பூஜை வந்தது. முதலாளி உத்தமனுக்குத் தன் பெருமையை நாலு பேர் பார்த்தால்தான் சோறு இறங்கும். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஒன்பது பேரைக் குடும்பத்தோடு கூப்பிட்டார். எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம், அந்த மெஷினுக்கு மட்டும் ஆளுயர மாலை. பொரிப் பொட்டலம் கொடுத்த கையோடு ஒவ்வொருவரையும் மிதித்துப் பார்க்கச் சொன்னார். ஆவடி ஸ்டூடியோக்காரரை வரவழைத்துப் படம் எடுத்து, ஃப்ரேம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டார். படத்தில் துலுக்கானம் இல்லை. அவனை வாசலில் பூசணிக்காய் உடைக்க அனுப்பியிருந்தார்கள்.

பிப்ரவரியில் என்னைக் கூப்பிட்டு, கல்கத்தா பேடண்ட் ஆபீசுக்கு ஒரு விண்ணப்பம் அடிக்கச் சொன்னார். 'உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்' என்ற இடத்தில் உத்தமன் பெயர். மாதச் சம்பளக்காரன், அடித்துக் கொடுத்தேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். மறுநாள் ரயிலில் துலுக்கானத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் நேராக முதலாளி அறைக்குப் போனான்.

"மொதலாளி, அது நான் செஞ்சது. என் பேரையும் போடுங்க."

"செஞ்சது உன் கை. யோசனை என்னுது. கைநாட்டுக்கெல்லாம் பேடண்ட் கேக்குதா?"

அன்று சாயங்காலமே வேலை போயிற்று. துலுக்கானத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வேலை போனதைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவனை அறுத்தது.

இரண்டு வருஷம் கழித்து உத்தமன் ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக அரசாங்க கெஜட்டில் வந்திருந்தது. எதிர்ப்பவர்கள் நான்கு மாதத்துக்குள் எதிர்க்கலாம் என்றும் அதில் இருந்தது. லட்டைத் தின்றுவிட்டு, துலுக்கானத்தைப் பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் வக்கீல். "உங்க யோசனையத் திருடிட்டார்னு சொல்லி உங்க பேர்ல கேக்கலாம். அதுக்கு எழுத்துல ஏதாவது ருசு வேணும். இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ, அவர் மனு போடறதுக்கு முன்னாடியே இது ஊரறிஞ்ச சங்கதின்னு நிரூபிக்கலாம். ஆனா அப்புறம் யாருக்கும் பேடண்ட் கிடையாது. உங்களுக்கும்தான்."

"அவன் பேர்ல வராதில்ல?"

"வராது."

"அது போதும் சார்."

யோசித்தவன் யார் என்று பேடண்ட் ஆபீஸ் தேடிக்கொண்டு போவதில்லை. காகிதம் கொண்டுவருகிறவன் பேச்சைக் கேட்கும், எதிர்க் காகிதம் வந்தால் அதையும் கேட்கும். சாக்பீஸ்காரனுக்கு அங்கே நாற்காலி இல்லை. போதாததற்கு நாட்டுக்கு நாடு தனி ஆபீஸ், தனிச் சட்டம். இதே மனுவை இங்கிலாந்தில் போட்டிருந்தால், அம்பத்தூரில் ஒன்பது பேர் மிதித்துப் பார்த்ததை அங்கே சட்டைசெய்யவே மாட்டார்களாம். வக்கீல் சொன்னார். நல்லவேளையாக உத்தமனின் உலகம் பக்கத்துக் கொரட்டூரோடு முடிந்துவிடும்.

துலுக்கானத்தின் மனைவி நாகவல்லிக்கு இது பிடிக்கவில்லை. "உன் பேருக்கு சண்ட போடுய்யா. யாருக்கும் இல்லாம பண்றதுக்கா வெரல குட்த்தே?" என்றாள்.

"எனுக்கு இல்லாங்காட்டி போவுது. அவனுக்கு இருக்கக் கூடாது."

ஒன்பது பட்டறைக்கும் நடந்தான். உத்தமனோடு பகை வேண்டாம் என்று முதலில் எல்லோரும் நழுவினார்கள். "பேடண்ட் வந்துச்சின்னா இத்த நீங்க யாரும் தொடமுடியாது. இப்பவே உங்க மெஷின்ல மாட்டித் தரேன், கூலி வாணாம்" என்றான். ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு ஃப்ரீவீல் ஏறியது, 'ஆயுத பூஜையன்று மிதித்துப் பார்த்தேன்' என்று ஒரு கையெழுத்து இறங்கியது. ஆவடி ஸ்டூடியோவில் அந்தப் படத்தின் நெகட்டிவ் தேதி போட்ட உறையிலேயே இருந்தது. உத்தமன் மெஷினை மிதித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நிற்கிற படம். அதைக் கையில் வாங்கியபோது துலுக்கானம் சிரித்த மாதிரி நான் எவனும் சிரித்துப் பார்த்ததில்லை. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது.

அவனுடைய பிரமாண வாக்குமூலத்தை நான்தான் அடித்தேன். 'மேற்படி கருவியில் புதிதாக ஒன்றுமில்லை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"துலுக்கானம், இதுல கையெழுத்துப் போட்டா நீ புதுசா ஒண்ணும் செய்யலேன்னு நீயே சத்தியம் பண்ண மாதிரி ஆயிடும்."

"அட்ச்சிக்கினே போ அண்ணாத்தே."

அழுத்திப் போட்டதில் பேனா முள் காகிதத்தைக் கிழித்துவிட்டது. வேறொன்று அடித்து, மறுபடி வாங்கினேன்.

எழுபத்தாறில் பேடண்ட் ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் உத்தரவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் வீட்டில் உட்கார்ந்து அதைத் தமிழில் சொன்னேன். ஆயுத பூஜையன்றே பலர் பார்த்து, இயக்கி அறிந்த கருவி. ஆகவே உத்தமனின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

"இவுரு பேரு எங்கனா கீதா?" என்று கேட்டாள் நாகவல்லி.

"இருக்கு. எதிர்ப்பு மனுதாரர்னு."

"கண்டுபுட்ச்சது இவுருன்னு?"

இல்லை. அதை யார் கண்டுபிடித்தார் என்ற கேள்விக்குள் போகத் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அதையும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துலுக்கானம் என் கையிலிருந்த காகிதத்தைத் தட்டினான்.

"அது கெடக்கட்டும். அவன் மனு தள்ளுபடின்னு ஒரு வரி கீதே, அத்த இன்னொரு தபா படி."

படித்தேன்.

"தமிழ்ல வாணாம். இங்கிலீஷ்லயே படி அண்ணாத்தே. அவன் அத்த இங்கிலீஷ்லதானே படிச்சிருப்பான்?"